காலுக்கு ஷூவா, ஷூவுக்குக் காலா?

உங்கள் வீட்டில் இரண்டு, மூன்று வயதுக் குழந்தை இருக்கிறதா? ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, குழந்தையை அதன் மேல் நிற்க வையுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். (ஆடாமல் நிற்பதற்கு பிஸ்கட் லஞ்சம் தரலாம். வேறெந்த லஞ்சத்துக்கும் நான் ஆதரவு இல்லை.) இப்போது அந்தக் குழந்தைக்குக் கடைசியாக வாங்கிய ஷூவை எடுத்து, அந்தப் படத்தின் மேல் வையுங்கள்.

பல வீடுகளில் என்ன தெரியும் என்று நானே சொல்லிவிடுகிறேன். நீளத்தில் இடம் மிச்சம் இருக்கும். ஆனால் விரல்கள் இருக்கிற பகுதியில், இரண்டு பக்கமும் பென்சில் கோடு ஷூவுக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். இத்தனைக்கும் நீங்கள் பார்ப்பது ஷூவின் வெளி விளிம்பு. உள்ளே இருக்கிற இடம் அதைவிடக் குறைவு.

என் கேள்வி ரொம்ப எளிமையானது. வெளியே பிதுங்கி நிற்கும் அந்த அரை சென்டிமீட்டர் கால், ஷூவைப் போட்டதும் எங்கே போகிறது?

எங்கேயும் போவதில்லை. உள்ளேயேதான் இருக்கிறது. சுண்டு விரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. கட்டை விரல் உள்பக்கமாகச் சாய்கிறது. குழந்தைக்கு வலிக்காதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வலிக்காது. அதுதான் விஷயத்தின் விபரீதமே. இந்த வயதில் பாதத்தின் எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். பாதத்தின் உள்வளைவுக்கு உச்சிக்கல் போல இருக்கிற எலும்பு, எலும்பாக மாற ஆரம்பிப்பதே இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள்தான். பிசைந்த மாவு மாதிரியான கால். அமுக்கினால் அமுங்கும். மடக்கினால் மடங்கும். ‘வலிக்குது’ என்று சொல்லத் தெரியாத வயதில், வலிக்காத ஒரு காலைக் கொண்டுபோய்க் குறுகலான பெட்டிக்குள் அடைக்கிறோம்.

சென்ற ஆண்டு என் தங்கையின் இரண்டேகால் வயது மகனுக்கு ஷூ வாங்குவதற்காக தி.நகரில் நான்கு கடைகள் ஏறி இறங்கினோம். நான்கிலும் பெரிய பெயர்ப் பலகை, குளிர்சாதன வசதி, சுவர் முழுக்கக் குழந்தை ஷூ. லைட் எரிகிற ஷூ இருக்கிறது. நடந்தால் கீச் கீச் என்று சத்தம் போடுகிற ஷூ இருக்கிறது. கார்ட்டூன் பொம்மை ஒட்டிய ஷூ இருக்கிறது. அந்தப் பையன் காலுக்குள் நுழைகிற ஷூ மட்டும் இல்லை.

முதல் கடையில் சேல்ஸ்மேன் ஷூவின் முனையைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, “கரெக்டா இருக்கு சார்” என்றார். மேலே ஒருவர் அமுக்கும்போது குழந்தை உள்ளே விரலை மடக்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது கடையில், “கால் சப்பையா இருக்கே, டாக்டர்கிட்ட காட்டினீங்களா?” என்று கேட்டு என் தங்கையின் முகத்தைக் கலவரமாக்கினார்கள். மூன்றாவது கடையில், “ரெண்டு சைஸ் பெருசா எடுத்துக்கங்க. முன்னாடி பஞ்சு வெச்சுக்கலாம்” என்றார்கள். நான்காவது கடைக்காரர்தான் தத்துவவாதி. “ரெண்டு நாள் போட்டா பழகிடும் சார்” என்றார்.

எது பழகும்? ரெக்ஸின் பழகாது. பிளாஸ்டிக் அடிப்பாகம் பழகாது. பழகப் போவது குழந்தையின் கால்தான். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிக்கொள்வது என்று நம் ஊரில் கேலியாகச் சொல்வோமே, அதை நிஜமாகவே செய்துகொண்டிருக்கிறோம். கத்திக்குப் பதில் வெல்க்ரோ.

இந்த நான்கு பதில்களிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது, கவனித்தீர்களா? குறை சொல்லப்படுவது எப்போதும் கால்தான். ‘குண்டுக் கால்’, ‘சப்பைக் கால்’, ‘வாத்துக் கால்’. ஒருத்தர்கூட ‘எங்க ஷூ குறுகலா இருக்கு’ என்று சொல்லவில்லை.

இந்த வயதுக் குழந்தையின் பாதம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருக்கிறது. குதிகால் பக்கம் குறுகல், விரல் பக்கம் விசிறி மாதிரி அகலம். உள்வளைவு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்புத் திண்டு இருக்கும். அதனால் கால் தட்டையாகத் தெரியும். வளைவு தெளிவாகத் தெரிவதற்கு ஐந்து, ஆறு வயதுகூட ஆகலாம். இது நோயில்லை, வளர்ச்சி. ஒரு கால் மட்டும் வித்தியாசமாக இருந்தால், கால் விறைப்பாக இருந்தால், குழந்தை வலி என்று அழுதால், எப்போதும் நுனிக்காலிலேயே நடந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான். ‘கடையில் இருக்கிற ஷூ பொருந்தவில்லை’ என்பது மட்டும் டாக்டரிடம் போவதற்கான காரணமில்லை. கடைக்காரரிடம் சண்டை போடுவதற்கான காரணம்.

அந்த ‘ரெண்டு சைஸ் பெருசு’ கதைக்கு வருவோம். இது கடைக்காரர் மட்டும் சொல்வதில்லை. அம்மா, பாட்டி, பக்கத்து வீட்டு மாமி எல்லோரும் சொல்கிற யோசனை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு அபத்தம் என்று தெரியும்.

நம் கடைகளில் இருக்கிற நம்பர்கள் இங்கிலாந்து நம்பர்கள். குழந்தை அளவு அங்கே 4 அங்குலத்தில் தொடங்குகிறது. அதற்குப் பெயர் பூஜ்யம். அதன் பிறகு ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஏன் மூன்றில் ஒரு பங்கு? அது ஒரு பார்லி தானியத்தின் நீளம். கேலி இல்லை, நிஜம்தான். மூன்று பார்லி ஒரு அங்குலம் என்பது அந்த ஊரின் பழைய கணக்கு. மில்லிமீட்டரில் 8.47. இப்படியே 13 வரை போய், அதற்கப்புறம் 14 வருவதில்லை. மறுபடியும் 1 என்று ஆரம்பிக்கும். ராணுவம் போய், ரயில் கம்பெனி போய், அணா பைசா போய், அங்குலம் அடியெல்லாம்கூட பள்ளிக்கூடப் புத்தகத்தை விட்டுப் போன பிறகும், நம் பிள்ளைகளின் காலை மட்டும் பார்லி தானியத்தால் அளந்துகொண்டிருக்கிறோம்.

ஒரு நம்பர் கூட்டினால் நீளம் எட்டரை மில்லிமீட்டர் கூடுகிறது. அகலம் எவ்வளவு கூடும்? கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர்தான். உங்கள் குழந்தைக்கு அகலத்தில் ஆறு மில்லிமீட்டர் பற்றவில்லை என்று வையுங்கள். அதைச் சரிக்கட்ட மூன்று நம்பர் கூட்ட வேண்டும். மூன்று நம்பர் கூட்டினால் நீளத்தில் ஒரு அங்குலம் அதிகமாகிவிடும். இரண்டு வயதுக் குழந்தையின் கால் மொத்தமே ஐந்தரை அங்குலம், ஆறு அங்குலம். அதில் ஒரு அங்குலம் கூடுதல் என்றால், நீங்கள் ஆறடி உயரம் உள்ளவராக இருந்து ஏழடி ஆளின் ஷூவைப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி.

நடந்து பாருங்கள். ஷூ மடங்குகிற இடம் ஒன்று, கால் மடங்குகிற இடம் வேறொன்று. குதிகால் கழன்று கழன்று வரும். கால் முன்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். குழந்தை தடுக்கி விழும். உடனே நாம், “பார்த்து நடடா” என்று குழந்தையைத் திட்டுவோம். இங்கேயும் குற்றவாளி குழந்தைதான்.

சின்ன ஷூ போட்டால் என்ன ஆகும் என்பது யாரோ கிளப்பிவிட்ட பீதி இல்லை. 2009இல் ஆஸ்திரியாவில் மழலையர் பள்ளிக் குழந்தைகள் 858 பேரின் காலையும் ஷூவையும் அளந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் நீளம் பற்றாத ஷூவைத்தான் போட்டிருந்தார்கள். எவ்வளவுக்கெவ்வளவு ஷூ குட்டையோ, அவ்வளவுக்கவ்வளவு கட்டை விரல் கோணலாவதற்கான வாய்ப்பும் அதிகம் என்று தெரிய வந்தது. வசதியான ஐரோப்பிய நாட்டிலேயே இந்தக் கதி.

நம் நாட்டிலேயே இன்னும் முக்கியமான ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு டாக்டர்கள் 4 வயதிலிருந்து 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்துப் பார்த்தார்கள். 1992இல் வெளியான ஆய்வு. காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளில் தட்டைப் பாதம் உள்ளவர்கள் 8.6 சதவிகிதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவிகிதம். காலணி போட்டவர்களிலும், விரல்களை மூடுகிற ஷூ போட்டவர்களிடம்தான் இது அதிகம். சாண்டலும் செருப்பும் போட்டவர்களிடம் அதைவிடக் குறைவு. உலகம் முழுக்க எலும்பு மருத்துவர்கள் மேற்கோள் காட்டுகிற ஆய்வு இது. பக்கத்து மாநிலத்தில் நடந்தது. நம் ஊர் ப்ளே ஸ்கூல் வாசலுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இதைப் படித்ததும் சிலர் உற்சாகமாகக் கிளம்புவார்கள். “அந்தக் காலத்துல நாங்கள்லாம் செருப்பே இல்லாமத்தான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆச்சு?” ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குள்ளேயும், சுத்தமான மண்ணிலும் புல்லிலும் குழந்தை வெறுங்காலோடு நடப்பதுதான் நல்லது என்று எலும்பு மருத்துவர்களே சொல்கிறார்கள். ஆனால் நம் தெருவில் மண்ணும் புல்லும் எங்கே இருக்கிறது? மே மாதத்துத் தார் ரோடு இருக்கிறது. உடைந்த பாட்டில் இருக்கிறது. சாக்கடையிலிருந்து வாரிப் போட்ட கசடு இருக்கிறது. இந்தத் தெருவில் குழந்தையை வெறுங்காலோடு விடு என்று சொல்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

‘செருப்பே இல்லாமல் வளர்ந்தோம்’ என்கிற பெருமையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த நாட்டில் செருப்பு வெறும் செருப்பாக இருந்ததில்லை. இன்னார் இந்தத் தெருவில் நடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சட்டம் வைத்திருந்த சமூகம் இது. அப்படி நடந்தவர்களின் பேரப்பிள்ளை பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு பள்ளிக்கூடம் போகும்போது, அந்தத் தாத்தாவின் முகத்தில் வருகிற பெருமிதத்தை யாரும் கேலி பண்ண முடியாது. ஷூ போட்ட குழந்தையைப் பார்த்து நம் ஜனங்கள் பூரிப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அந்தப் பூரிப்பைக் காசாக்குகிறவர்கள், அந்தக் காசுக்குப் பொருந்துகிற ஷூவைத் தர வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

ஏன் தருவதில்லை? நான் படித்தது பி.காம். டாக்டர் விஷயத்தைவிட சரக்கு இருப்புக் கணக்கு கொஞ்சம் நன்றாகவே தெரியும். கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடலாம்.

ஒரு மாடலில் எட்டு நம்பர், இரண்டு கலர் என்றால் 16 வகை. வகைக்கு இரண்டு ஜோடி வைத்தாலும் 32 ஜோடி. இதையே மூன்று அகலங்களில் வைத்தால் 96 ஜோடி. ஒரு மாடலுக்கே இந்தக் கதை என்றால், 50 மாடல் வைத்திருக்கிற கடையில் குடோனுக்கே தனி வாடகை கொடுக்க வேண்டும். விற்காத சரக்கில் பணம் முடங்கும். குழந்தை ஷூவில் கிடைக்கிற லாபத்துக்கு இது கட்டுப்படியாகாது. ஆகவே ஒரே அகலம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரே அகலம்தான் கட்டுப்படியாகும். ஆனால் அந்த ஒரு அகலம் யாருடைய அகலமாக இருக்க வேண்டும்? வாங்குகிற பிள்ளையின் அகலமா, இல்லை யாரோ எந்தக் காலத்திலோ வேறெங்கேயோ போட்ட அளவா? அகலமான ஷூவைக் குறுகலான காலுக்கு வெல்க்ரோவை இழுத்து ஒட்டி ஓரளவு சமாளிக்கலாம். குறுகலான ஷூவை அகலமான காலுக்கு எந்த வெல்க்ரோவாலும் சமாளிக்க முடியாது. ஒன்றே ஒன்றுதான் வைப்பேன் என்றால், அகலமானதை வைப்பதுதானே வியாபார புத்தி?

வெளிநாடுகளில் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஜெர்மனியில் குழந்தை ஷூக்களுக்கு அகலம், நடுத்தரம், குறுகல் என்று மூன்று எழுத்துக் குறியீடு பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் குழந்தை ஷூ விற்கிற நல்ல கடைகளில் நம்பருக்குப் பக்கத்திலேயே எஃப், ஜி, ஹெச் என்று அகல எழுத்து இருக்கும். அதாவது பார்லி கணக்கைக் கண்டுபிடித்தவனே, நீளம் மட்டும் போதாது என்று திருத்திக்கொண்டுவிட்டான். நாம் அவனுடைய நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்தை அங்கேயே விட்டுவிட்டோம். ஜப்பானில் நம்பர் வம்பே இல்லை. 13, 13.5, 14 என்று நேரடியாக சென்டிமீட்டரில் போட்டுவிடுகிறார்கள். பாதத்தின் சுற்றளவுக்கும் அகலத்துக்கும் தனியாகக் குறியீடு. அளவுகோல் வைத்திருக்கிற எந்த அம்மாவும் வீட்டிலேயே சைஸ் கண்டுபிடித்துவிடலாம்.

நமக்குத் தெரியாத தொழிலா இது? ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் எங்கே இருக்கின்றன? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பெரிய பெரிய பிராண்டுகளுக்கு ஷூ தைத்து அனுப்புகிற ஊர்கள். ஷூவின் வடிவத்தைத் தீர்மானிப்பது ‘லாஸ்ட்’ என்று சொல்லப்படும் கால் அச்சு. அதன் மேல் தோலை இழுத்துப் பொருத்தித்தான் ஷூ செய்கிறார்கள். அந்த அச்சை எந்த நாட்டுக் காலுக்கு எப்படி வடிக்க வேண்டும் என்று தெரிந்த கைகள், சென்னையிலிருந்து ரயிலில் போனால் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் இருக்கின்றன. நம் குழந்தைகளுக்கு ஒரு அச்சு வடிக்க அவர்களைக் கேட்க ஆளில்லை.

ஆளே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1948இல் தொடங்கியது. இந்தியர்களின் காலுக்கென்று ஒரு சைஸ் முறை வேண்டும் என்று அவர்கள் கிளம்பி, 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளந்தார்கள். என்ன தெரிந்தது? பொதுவாக இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர்கள், அமெரிக்கர்களின் பாதத்தைவிட அகலம். குறுகலான காலணிகள்தான் கிடைக்கின்றன என்பதால் ஜனங்கள் தேவைக்கு மேல் பெரிய சைஸாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அதாவது, ‘ரெண்டு சைஸ் பெருசா எடுங்க’ என்பது தி.நகர் கடைக்காரரின் சொந்த சரக்கு இல்லை, தேசியக் கொள்கை!

இந்தப் புதிய முறைக்கு பாரத் என்ற பெயரின் முதல் எழுத்தை வைத்து ‘பா’ என்று பெயர் வைத்தார்கள். வயது, பால் வாரியாக எட்டுப் பிரிவுகள். முதல் பிரிவு, ஒரு வயது வரையிலான கைக்குழந்தைகள். இரண்டாவது பிரிவு, ஒன்றிலிருந்து மூன்று வயது. மூன்றாவது, நான்கிலிருந்து ஆறு வயது. இப்படியே வளர்ந்த ஆண், பெண் வரை. அரைச் சைஸ் என்ற குழப்பமே கிடையாது. நல்ல வேலை. மனசாரப் பாராட்ட வேண்டிய வேலை.

ஆனால் 2024இல் இது பற்றிச் செய்திகள் வந்தபோது கூடவே ஒரு வரியும் வந்தது. மூன்றாம் பிரிவிலிருந்து எட்டாம் பிரிவு வரையிலான காலணிகளை முதலில் தயாரிக்கலாம் என்று. அந்த வரியைப் படித்துவிட்டு நான் மறுபடி படித்தேன். மூன்றிலிருந்து எட்டு. அப்படியென்றால் ஒன்றும் இரண்டும் எங்கே?

எந்த வயதில் கால் மாவு மாதிரி இருக்கிறதோ, எந்த வயதில் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதோ, எந்த வயதில் ஒரு வருஷத்துக்குள் மூன்று முறைகூட ஷூ மாற்ற வேண்டியிருக்குமோ, அந்த வயது வரிசையில் இல்லை. ஓட்டு இல்லை, சம்பளம் இல்லை, வாய் இல்லை. அதனால் வரிசையும் இல்லை. வளர்ந்த ஆளின் கால் ஏற்கெனவே உருவாகி முடிந்த கால். அவனுக்கு ஷூ கடித்தால் கழற்றி எறிவான், கடைக்காரரோடு சண்டை போடுவான். இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற காலுக்குத்தானே முதல் ஷூ?

வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு முதலில் செய்யுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பும் தொழில் துறை அமைச்சகமும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. அதற்குக்கூட நாளாகும் என்றால், நாளைக்கே செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியம் சொல்கிறேன். குழந்தைக் காலணிப் பெட்டிகளில் ஷூவின் உள்நீளம் இத்தனை சென்டிமீட்டர், விரல் பகுதியில் உள் அகலம் இத்தனை சென்டிமீட்டர் என்று இரண்டு எண்களை அச்சடிக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு போடுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று போடவைக்க முடிகிறது. இதற்கு ஆராய்ச்சியும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். அச்சு மை போதும்.

இனி, இந்தக் கட்டுரையின் உண்மையான வில்லனுக்கு வருகிறேன். ப்ளே ஸ்கூல்.

இரண்டரை வயதுக் குழந்தைக்குக் கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ், வாரத்தில் ஒரு நாள் வெள்ளை கேன்வாஸ். எதற்கு? அந்தக் குழந்தை என்ன, குடியரசு தின அணிவகுப்பிலா நடக்கப் போகிறது? சென்னை வெயிலில், வேலூர் வெயிலில், திருச்சி வெயிலில் நான்கு மணி நேரம் சாக்ஸுக்குள் வியர்த்து ஊறுகிற கால் அது. போதாக்குறைக்குப் பல பள்ளிகளில் ஷூவும் யூனிஃபார்ம் கணக்கில் ஸ்கூலிலேயே வாங்க வேண்டும். ஒரே மாடல், ஒரே அகலம். பொருந்தாவிட்டால், ‘அடுத்த சைஸ் தர்றோம்’. மறுபடியும் பார்லி கணக்கு. வேறு கடையில் அகலமான ஷூ தேடிக் கண்டுபிடித்து வாங்குகிற அம்மாவுக்கும் வழியில்லை. ‘ரூல்னா ரூல்தான் மேடம்.’

தலைமை ஆசிரியர்களே, தாளாளர்களே, ஆறு வயது வரைக்கும் ஷூ கட்டாயமில்லை என்று ஒரு சர்க்குலர் அனுப்புவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? விரல் திறந்த சாண்டல் போதும், பின்பக்கம் பட்டை இருந்தால் போதும் என்று சொல்லுங்கள். வகுப்புக்குள் வெறுங்காலோடு விளையாட விடுங்கள். ஒழுக்கம் காலில் இல்லை. ஷூ விற்ற வகையில் கிடைக்கிற கமிஷன் வேண்டுமானால் குறையும். அந்த நஷ்டத்தை, வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஃபீஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வித்தையை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசாங்கமும் பள்ளியும் திருந்துகிற வரை பெற்றோர் செய்யக்கூடியது சில இருக்கிறது.

குழந்தையின் காலைத் தாளில் நிற்க வைத்துத்தான் வரைய வேண்டும். உட்கார வைத்து வரைந்தால் அகலம் குறைவாக வரும். மாலையில் அளந்தால் நல்லது, பகலெல்லாம் ஓடியாடிக் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். இரண்டு காலையும் வரையுங்கள், இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. பெரிய காலுக்குத்தான் ஷூ. வரைந்ததைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ஷூவுக்குள் இருக்கிற மெத்தை கழன்று வருமானால் வெளியே எடுத்து, அதன் மேல் குழந்தையை நிற்க வையுங்கள். கால் மெத்தைக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம், லைட் எரிந்தாலும் வேண்டாம். நீளத்தில் முன்பக்கம் ஒரு சென்டிமீட்டர் இடம் இருந்தால் போதும். அடிப்பாகம் விரல் மடங்குகிற இடத்தில் சுலபமாக மடங்க வேண்டும். வாய் அகலமாகத் திறக்கிற மாதிரி, வெல்க்ரோ பட்டை நீளமாக இருக்கிற மாதிரி பாருங்கள். கழற்றிய பிறகு காலில் சிவப்புக் கோடு விழுந்திருந்தால் ஷூ தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வரையுங்கள். அதற்குள்ளேயே மாற்றணுமா, காசு என்ன மரத்திலா காய்க்குது என்று கேட்பீர்கள். நியாயம். அதனால்தான் விலை உயர்ந்த ஷூ வேண்டாம் என்கிறேன். பிறந்த நாளைக்கு ஒரு விலையுயர்ந்த பிராண்டட் ஷூ வாங்கி, காசு போட்டோமே என்று ஒரு வருஷம் இழுப்பதைவிட, விலை மலிவான, அகலமான, மிருதுவான சாண்டலை மூன்று தடவை வாங்குவது புத்திசாலித்தனம். அண்ணன் போட்டுத் தேய்ந்த ஷூ தம்பிக்கு வேண்டாம். அது அண்ணன் காலுக்குப் பழகிய ஷூ.

எதுவுமே கிடைக்கவில்லையா? அளவெடுத்துச் செருப்பு தைக்கிறவர்கள் இன்னும் சில ஊர்களில், சில தெருக்களில் இருக்கிறார்கள். நீங்கள் வரைந்த தாளை அவர் கையில் கொடுங்கள். அதைப் பார்த்து அவர், ‘கால் சப்பையா இருக்கே’ என்று சொல்ல மாட்டார். காலைப் பார்த்துத் தோலை வெட்டிப் பழகியவர் அவர். நாலு மாடிக் கடைக்குத் தெரியாத தொழில் தர்மம் பிளாட்பாரத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாக, அடுத்த தடவை யாராவது உங்கள் குழந்தையின் காலைப் பார்த்து, “கொஞ்சம் அகலமா இருக்கே” என்று சொன்னால், வருத்தப்படாதீர்கள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரிக்காதீர்கள். “இல்லைங்க, உங்க ஷூதான் குறுகலா இருக்கு. வேற காட்டுங்க” என்று சத்தமாகச் சொல்லுங்கள். கடையில் இருக்கிற மற்ற நாலு அம்மாக்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். நாலு பேர் அதே கடையில் அதையே சொன்னால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் கடைக்காரர் கம்பெனிக்குப் போன் பண்ணியிருப்பார். வியாபாரத்தில் எந்த அளவும் அப்படித்தான் மாறும்.